பழைய தடகள முடிவுத்தாளை வாசிப்பது எப்படி? 1923-ஐ வைத்து ஒரு பயிற்சி

20.22 மீட்டர். 1922-ல் பாரிஸில் நடந்த பெண்கள் சர்வதேசப் போட்டியில் அமெரிக்காவின் லூசில் காட்போல்ட் குண்டு எறிதலில் பெற்ற தூரம் என்று ஒரு பழைய பட்டியலில் பார்த்தேன். நான் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியில் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பள்ளி விளையாட்டு விழாவுக்காக ‘பெண்கள் தடகளம்: அன்றும் இன்றும்’ என்று ஒரு பலகை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் ஒரு பெண் இருபது மீட்டர் எறிந்திருக்கவே முடியாது, அச்சுப்பிழைதான் என்று நானாக முடிவு செய்து 10.22 என்று எழுதிவிட்டேன். அந்தப் பலகை இரண்டு வருடம் விளையாட்டுச் சாமான் அறைக்கு வெளியே தொங்கியது. எத்தனை பிள்ளைகள் அதைப் படித்திருப்பார்கள்!

எண் சரியாகத்தான் இருந்தது. அன்று குண்டை வலது கையால் ஒரு முறை, இடது கையால் ஒரு முறை எறிந்து இரண்டு தூரத்தையும் கூட்டுவார்கள். ஆண்களுக்கும் இந்த முறை இருந்தது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ரால்ஃப் ரோஸ் இரு கையிலுமாகச் சேர்த்து 27.70 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். இன்றைய ஆண்கள் உலக சாதனையே 23.56 மீட்டர்தான். விவரம் தெரியாதவர் ரோஸின் எண்ணைப் பார்த்தால் ஒன்று மயங்கிவிடுவார், இல்லை என்னைப் போலத் திருத்திவிடுவார்.

அன்றிலிருந்து பழைய முடிவுத்தாள்களை முறையாக வாசிக்கப் பழகினேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. என்னிடம் படித்த சிலர் இப்போது பயிற்சியாளர்களாக இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் “எப்படி டீச்சர் பார்க்கிறது?” என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு 1923-ஐ எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆண்களுக்கு தேசியத் தடகளப் போட்டி நடக்க ஆரம்பித்துப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. பெண்களுக்கு அவர்களுக்கென்றே தேசியப் போட்டி இரண்டு நாட்டிலும் அந்த வருடம்தான் ஆரம்பித்தது.

முதலில் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள் என்று எதிரெதிரே கோடு போடுங்கள். காரணம் இருக்கிறது. 1923-ல் பிரிட்டனின் ஆண்கள் போட்டி ஜூலை 6, 7 தேதிகளில் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் நடந்தது. பெண்கள் போட்டி ஆகஸ்ட் 18-ல், நகரத்துக்கு வெளியே புரோம்லியில் நடந்தது. நடத்திய சங்கமும் வேறு. ஆண்களின் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாததால் 1922-ல் பெண்கள் தனிச் சங்கம் தொடங்கினார்கள். அமெரிக்காவிலும் இரண்டும் தனித்தனிதான். பெண்கள் போட்டி செப்டம்பர் 29-ல் நியூ ஜெர்சி மாநிலம் நெவார்க் நகரின் வீக்வேயிக் பூங்காவில் நடந்தது. ஆக, தேடும்போது ஆண்கள் முடிவு ஒரு தேதியில் கிடைக்கும், பெண்கள் முடிவு வேறொரு தேதியில், பக்கத்தின் ஒரு ஓரத்தில் நாலு வரியாகக் கிடைக்கும். தனித்தனி நோட்டு போட்டால் பெண்கள் நோட்டு மெலிந்துபோய், கொஞ்ச நாளில் எங்கேயோ மறைந்துவிடும். என் முதல் நோட்டுக்கு அதுதான் நடந்தது. எதிரெதிரே எழுதினால் காலியாக இருக்கும் இடம் கண்ணை உறுத்தும், தேட வைக்கும்.

எங்கே தேடுவது? ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’, நியூசிலாந்து தேசிய நூலகத்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ இரண்டும் இலவசம். லண்டனில் நடந்த போட்டிக்கு ஆஸ்திரேலியப் பத்திரிகை எதற்கு என்று தோன்றும். அங்கே தந்தியில் வந்த செய்தி ஓரிரு நாளில் இரண்டு வரியாக அச்சாகும். கப்பல் தபாலில் வந்த விரிவான கட்டுரை வாரக்கணக்கில் கழித்து வரும். அதனால் போட்டி நடந்த வாரத்தோடு தேடலை நிறுத்தாமல் அடுத்த இரண்டு மாதமும் பாருங்கள். வெற்றி பெற்ற இடைவெளி, காற்று, மழை, மைதானத்தின் நிலை எல்லாம் அந்தத் தபால் கட்டுரையில்தான் இருக்கும். இன்னொன்று, கணினி படித்துக் கொடுத்த எழுத்தை நம்ப வேண்டாம். 3-ஐ 8 என்று படிக்கும், 5-ஐ 6 என்று படிக்கும். அச்சுப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்து எழுதுங்கள்.

இனி தாளுக்கு வருவோம். எண்ணைக் கடைசியில் படியுங்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை உண்டு.

அளவு முதலாவது. பிரிட்டனும் அமெரிக்காவும் கஜம், அடி, அங்குலம், பவுண்டு. ஒரு கஜம் 0.9144 மீட்டர். 100 கஜம் என்பது 91.44 மீட்டர், 440 கஜம் 402.34 மீட்டர். 120 கஜத் தடை ஓட்டம் 109.73 மீட்டர் என்பதால் அதை இன்றைய 110 மீட்டர் தடை ஓட்டத்தோடு ஏறக்குறைய அப்படியே வைத்துப் பார்க்கலாம். தாண்டுதலிலும் எறிதலிலும் எல்லாவற்றையும் அங்குலமாக்கி 2.54-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர் கிடைத்துவிடும். நெவார்க்கில் ஹெலன் டின்னஹே நீளம் தாண்டியது 15 அடி 4 அங்குலம். அது 184 அங்குலம், 4.67 மீட்டர். கேத்தரின் ரைட் உயரம் தாண்டியது 4 அடி 7½ அங்குலம், அதாவது 1.41 மீட்டர். உயரம் தாண்டியவர்கள் அப்போது மணலில்தான் விழுந்தார்கள். நுரை மெத்தை கிடையாது. அதனால் காலாலோ சமாளித்துக் கையாலோ இறங்கக்கூடிய முறையில் மட்டுமே தாண்ட முடியும். நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் மணல் குழியில் தாண்டிய பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அடுத்தது நேரம். இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். தவறு அதிகமாக நடக்கும் இடமும் இதுதான்.

அந்தக் காலப் பத்திரிகையில் ‘10 2-5’ என்று இருக்கும். பத்து, இரண்டு, ஐந்து என்று மூன்று எண்கள் அல்ல. பத்து வினாடியும் ஐந்தில் இரண்டு பங்கும், அதாவது 10.4. ஏன் ஐந்தில்? அன்றைய ஸ்டாப்வாட்ச் பெரும்பாலும் வினாடிக்கு ஐந்து முறை ‘டிக்’ என்று நகரும். முள் ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவில் நிற்காது. ஆகவே 10.4-க்கும் 10.6-க்கும் இடையில் ஓடி முடித்தவருக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். 1920-களில் வினாடிக்குப் பத்து டிக் அடிக்கும் கடிகாரங்களும் புழக்கத்துக்கு வந்தன. ‘9 7-10’ என்று பார்த்தால் அது அப்படிப்பட்ட கடிகாரம். ஒரே வருடத்தில் ஒரு போட்டியில் ஐந்திலும் இன்னொன்றில் பத்திலும் நேரம் இருக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்து ‘இவர் 0.1 வினாடி வேகம்’ என்று சொல்லாதீர்கள்.

நேரம் எடுத்த கைகளையும் நினைக்க வேண்டும். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று, சத்தத்தைக் கேட்டு கடிகாரத்தை அமுக்காதே, புகையைப் பார்த்து அமுக்கு என்பது. (1920-ல் ஹெச்.சி. பக் சென்னையில் தொடங்கிய கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியுடன் போனவரும் அவர்தான்.) நூறு மீட்டர் தள்ளி நிற்பவரின் காதுக்குத் துப்பாக்கிச் சத்தம் வர ஏறக்குறைய 0.3 வினாடி ஆகும். எங்கள் பள்ளியில் துப்பாக்கி ஏது, கிளாப்பர்தான். அதிலும் இரண்டு பலகையும் சேர்வதைக் கண்ணால் பார்த்துத்தான் அமுக்குவோம். மூன்று பேர் நேரம் எடுப்பார்கள். இரண்டு கடிகாரம் ஒன்றாக இருந்தால் அந்த நேரம், மூன்றும் வேறு வேறாக இருந்தால் நடுவில் உள்ள நேரம். முடிவுத்தாளில் இருப்பது அந்த ஒற்றை எண் மட்டுமே, மற்ற இரண்டும் போய்விட்டன. கையால் எடுத்த 100 மீட்டர் நேரத்தை இன்றைய மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடி கூட்ட வேண்டும், 400 மீட்டருக்கு 0.14.

இரண்டாவது வந்தவருக்குப் பெரும்பாலும் நேரமே இருக்காது. ‘இரண்டு கஜத்தில் வென்றார்’ என்று மட்டும் இருக்கும். இதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு: வேகமான ஆண்கள் 100 கஜ ஓட்டத்தின் கடைசியில் வினாடிக்குப் பத்து கஜத்துக்குச் சற்று மேல் ஓடுவார்கள், ஒரு கஜம் என்றால் 0.1 வினாடி. 12 வினாடியில் ஓடும் பெண்களுக்கு ஒரு கஜம் ஏறக்குறைய 0.11. இப்படிக் கணக்கிட்ட நேரத்தைப் பென்சிலில்தான் எழுதுவேன். தாளில் இருந்தது பேனாவில், நான் கணக்கிட்டது பென்சிலில். இந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சரி, இப்போது உண்மையான இரண்டு வரிகளை எடுப்போம். இடது பக்கம்: ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ், 100 கஜம், எரிக் லிடெல், 9.7. வலது பக்கம்: நெவார்க், 100 கஜம், பிரான்சஸ் ரூப்பர்ட், 12.0. நூறு கஜத்திலிருந்து நூறு மீட்டருக்கு இன்னும் 8.56 மீட்டர் ஓட வேண்டும். லிடெலின் வேகத்தில் அதற்கு ஏறக்குறைய 0.9 வினாடி. ஆக 10.6. அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹரால்டு ஆபிரகாம்ஸ் 100 மீட்டரை வென்றது கை நேரப்படி 10.6-தான், ஆகவே கணக்கு சரியான பாதையில் இருக்கிறது. லிடெலின் 9.7 பிரிட்டிஷ் சாதனையாகப் பல ஆண்டுகள் நின்றது. ரூப்பர்ட்டுக்கு மிச்ச தூரம் 1.1 வினாடி, ஆக 13.1. மின்னணுக் கணக்கில் 13.3-க்கும் 13.4-க்கும் நடுவில்.

இதைச் செய்து காட்டியபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “டீச்சர், அப்ப அந்த அக்கா என்னை மாதிரிதான் ஓடியிருக்காங்க” என்றாள். அவள் மாவட்டப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்தவள். அவள் சொன்னது பாதிதான் சரி என்று நான் நினைக்கிறேன். ரூப்பர்ட் ஓடிய காலத்தில் ஸ்டார்ட்டிங் பிளாக் (ஓட்டம் தொடங்கும்போது காலை ஊன்றி உந்தும் கட்டை) கிடையாது. கையில் ஒரு சிறு கரண்டி கொண்டுவந்து தரையில் கால் வைக்கக் குழி தோண்டிக்கொள்வார்கள். பிளாக் 1920-களின் கடைசியில்தான் வந்தது. 1929-ல் ஜார்ஜ் சிம்ப்சன் அதை வைத்து 100 கஜத்தை 9.4-ல் ஓடியபோது அதை உலக சாதனையாக ஏற்கவே மறுத்தார்கள். பெண்களுக்குத் தேசியப் போட்டி என்று ஒன்று அதுவரை நடக்காத நாட்டில், முதல் போட்டியில் ஓடிய பெண் ரூப்பர்ட். என் மாணவிக்குப் பின்னால் எழுபது எண்பது வருட அனுபவம் இருந்தது, ரூப்பர்ட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இதை எந்தக் கணக்கிலும் வினாடியாக மாற்ற முடியாது. அதனால் நோட்டில் ‘சூழ்நிலை’ என்று ஒரு கட்டம் தனியாக வையுங்கள்: தரை, தொடக்கம், காற்று. காற்று பற்றித் தாளில் ஒன்றும் இருக்காது. பின்னாலிருந்து வீசும் காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனையாக ஏற்பதில்லை என்ற வரம்பு 1936-ல்தான் வந்தது.

எறிதலில் எண்ணைத் தொடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு கையா, இரு கையா? எடை எவ்வளவு? பொருள் என்ன? ஆண்களின் 16 பவுண்டு குண்டு 7.26 கிலோ, இன்றும் அதே. பெண்களின் 8 பவுண்டு குண்டு 3.63 கிலோ, இன்றைய 4 கிலோவை விட இலகு. அமெரிக்க ஆண்கள் பட்டியலில் ‘56 பவுண்டு எடை எறிதல்’ என்று ஒன்று வரும், 25 கிலோவுக்கு மேல். அதைக் குண்டு எறிதல் வரியில் எழுதிவிட வேண்டாம், அது வேறு போட்டி.

பெயர்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆண்கள் பெயர் முதலெழுத்தோடு கடைசிவரை ஒரே மாதிரி வரும். பெண்கள் பெயர் மாறும். 1920-களின் பிரிட்டிஷ் தாள்களில் ‘மிசஸ் எலியட்-லின்’ என்று ஒருவர் வருவார். ஈட்டி எறிபவர், பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1925-ல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முன் பெண்கள் தடகளத்துக்காகப் பேசியவர். 1928-ல் கேப் டவுனிலிருந்து லண்டனுக்குத் தனியாக விமானம் ஓட்டி வந்த ‘லேடி ஹீத்’ என்பவரும் இவரேதான். பிறந்தபோது அயர்லாந்தில் சோஃபி பியர்ஸ். மூன்று பெயர், ஒரு பெண். என் சான்றிதழ்களிலேயே திருமணத்துக்கு முன் அப்பாவின் தலைப்பெழுத்து, பின் கணவரின் தலைப்பெழுத்து. மாவட்டப் பதிவேட்டில் நான் இரண்டு ஆள். நம்மில் எத்தனை வீராங்கனைகள் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்களோ! அதனால் பெண்கள் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒரு வரி காலியாக விடுங்கள். பின்னால் கிடைக்கும் பெயரை அங்கே எழுதலாம். லண்டன் ஒலிம்பியேட்ஸ் கிளப்பின் மேரி லைன்ஸைப் போல ஒரே ஆள் பல போட்டிகளில் வரும்போது ஒவ்வொரு வரியிலும் முழுப்பெயரை எழுதிவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

கிளப்பின் பெயரை வைத்து நாட்டைத் தீர்மானிக்காதீர்கள். பிரிட்டனின் ஆண்கள் தேசியப் போட்டி வெளிநாட்டவருக்கும் திறந்திருந்தது. 1900-ல் 120 கஜத் தடை ஓட்டத்தில் அமெரிக்காவின் ஆல்வின் கிரென்ஸ்லைன் முதலில் வந்தார், இரண்டாவது நார்மன் பிரிட்சார்டு. கல்கத்தாவில் பிறந்தவர், அங்கேயே ஓடிப் பழகியவர். அதே வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளி வாங்கினார். அந்தப் பதக்கங்கள் இந்தியாவுக்கா பிரிட்டனுக்கா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. லண்டன் போட்டியில் அவர் ஓடியதும் அந்த வழக்கில் ஒரு வாதமாகப் பேசப்படுகிறது. தாளில் கிளப் என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள், நாடு என்ற கட்டத்தை அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம்.

கடைசியாக, வர்ணனையும் பட்டியலும் மோதினால் பட்டியல் பக்கம் நில்லுங்கள். புரோம்லி போட்டியில் பெண்களுக்கு 880 கஜ ஓட்டம் இருந்தது. ஐந்து வருடம் கழித்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். பாதிப் பேர் ஓட முடியாமல் நடுவில் விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. முடிவுத்தாளில் இறுதிச் சுற்றில் ஓடியவர்கள் ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஓடி முடித்திருக்கிறார்கள். முதலில் வந்த லினா ராட்கே 2:16.8. அந்த வர்ணனையை நம்பியவர்களால் 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் இல்லாமல் போனது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். அதே ஒலிம்பிக்கில் தடகளப் பெண்கள் பட்டியலில் பிரிட்டன் இருக்காது. திறமை இல்லாமல் அல்ல. பெண்களுக்கு ஐந்தே போட்டிகள் வைத்ததை எதிர்த்து அவர்கள் போகவில்லை. காலியாக இருக்கும் கட்டத்துக்கும் காரணம் தேடி எழுதுங்கள்.

எல்லா வரியையும் இன்றைய அளவுக்கு மாற்றிவிட முடியாது. நெவார்க்கில் பெண்களுக்கு பேஸ்பால் எறிதல் இருந்தது. எலினர் சர்ச்சில் 234 அடி 5¾ அங்குலம் எறிந்தார், 71.47 மீட்டர். பேஸ்பால் நம் கிரிக்கெட் பந்தை விடச் சற்று எடை குறைவு. நாங்கள் ஒரு வருடம் பள்ளியில் கிரிக்கெட் பந்து எறிதல் வைத்தபோது மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து 71 மீட்டர் அளந்து சுண்ணாம்பில் கோடு போட்டேன். பிள்ளைகள் வரிசையில் நின்று எறிந்தார்கள். மிக நன்றாக எறிந்தவளின் பந்து கோட்டுக்கு வெகு முன்னாலேயே விழுந்தது. அவள் போய் அந்தக் கோட்டின் மேல் நின்று, தான் எறிந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். “இவ்வளவு தூரமா டீச்சர்?” என்றாள். சர்ச்சிலின் வரியில் ‘இன்று’ என்ற கட்டம் என் நோட்டில் காலியாகத்தான் இருக்கிறது.